குழுவில் இருக்கும் 35 பேர் உங்கள் வாடிக்கையாளர்கள் இல்லை

போன சனிக்கிழமை எங்கள் பெண் தொழில்முனைவோர் குழுவின் மாதக் கூட்டம் முடிந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு வருஷம் ஆச்சுங்கக்கா. சந்தா கட்டறேன், மாசம் தவறாம வர்றேன். உருப்படியா ஒரு ஆர்டர் வரலை. அடுத்த வருஷம் கட்ட வேண்டாம்னு வீட்ல சொல்றாங்க."

சிறுதானியத்தில் தட்டை, முறுக்கு, லட்டு செய்து விற்கிறவள். நல்ல கைப்பக்குவம். அவள் கம்பு தட்டையைச் சாப்பிட்டவர்கள் மறுபடி கேட்காமல் இருக்க மாட்டார்கள். அவளுக்கே இப்படி என்றால் எங்கேயோ தப்பு நடக்கிறது. அங்கேயே சுருக்கமாகப் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

நான் ஈரோட்டில் யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் நடத்துகிறேன். 8 பவர் டேபிள் (மோட்டார் தையல் மிஷின்), துணி ஓரம் தைக்க ஒரு ஓவர்லாக் மிஷின், துணி வெட்ட ஒரு கட்டிங் மாஸ்டர். மருத்துவமனை, ஹோட்டல், கொஞ்சம் பள்ளிக்கூடம். இந்தப் பெண் தொழில்முனைவோர் குழுவில் 9 வருஷமாக இருக்கிறேன். முதல் 2 வருஷம் எனக்கும் எதுவும் வரவில்லை.

எங்கள் குழுவில் 35 பேர். புதிதாகச் சேருகிற எல்லோரும் செய்கிற முதல் காரியம், அந்த 35 பேரிடமே விற்கப் பார்ப்பது. சேலை கொண்டு வருவார்கள், சோப்பு கொண்டு வருவார்கள், ஊறுகாய் கொண்டு வருவார்கள். மற்றவர்களும் முகத்துக்காக ஒரு தடவை வாங்குவார்கள். மூன்றாவது மாதம் யாரும் வாங்க மாட்டார்கள். விற்க வந்தவருக்கு மனக்கசப்பு, வாங்காதவருக்குச் சங்கடம், அப்புறம் இரண்டு பேருமே கூட்டத்துக்கு வருவதைக் குறைத்துக்கொள்வார்கள். என்னிடம் எட்டு நர்ஸ் யூனிஃபார்ம் வாங்கிக்கொள்ள அந்த அறையில் யாருக்குத் தேவை இருக்கிறது? ஆனால் அந்த அறையில் இருக்கும் ஒவ்வொருத்தியும் அறைக்கு வெளியே இருநூறு முந்நூறு பேரைத் தெரிந்து வைத்திருக்கிறாள். அந்த வெளி ஆட்கள்தான் நமக்கு வேண்டும். உள்ளே இருப்பவர்கள் அவர்களுக்கு வழி காட்டுகிறவர்கள்.

இதை எனக்குப் புரிய வைத்தது, எங்கள் குழுவில் வரி, கணக்கு ஆஃபீஸ் நடத்துகிற ஒரு அக்கா. கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு நிமிஷம் தங்கள் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மாதாமாதம் ஒன்றையே சொல்வேன்: "எல்லா வகை யூனிஃபார்மும் தைத்துத் தருகிறோம், யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லுங்கள்." எல்லோரும் தலையாட்டுவார்கள், நான் உட்காருவேன். ஒரு நாள் அந்த அக்கா என்னைத் தனியாக நிறுத்தி, "கண்ணு, யாருக்காவதுன்னா யாருக்கு? எனக்கு யார் முகமும் ஞாபகம் வரலையே. நீ யாரைப் பார்க்கணுமோ அந்த ஆளைச் சொல்லு" என்றார்.

அடுத்த மாதம் இப்படிச் சொன்னேன்: "20, 30 படுக்கை இருக்கிற ஆஸ்பத்திரி எனக்கு வேண்டும். பெரிய கம்பெனிக்காரர்கள் 25 செட்டுக்கெல்லாம் இறங்கி வர மாட்டார்கள். நான் 25 செட் என்றாலும் ஒவ்வொரு நர்ஸுக்கும் அளவெடுத்துத் தைத்துத் தருவேன். அந்த மாதிரி ஆஸ்பத்திரியில் பர்ச்சேஸ் பார்க்கிறவர் யாரையாவது தெரியுமா?"

மூன்று கை உயர்ந்தது. ஒருவர் பிசியோதெரபிஸ்ட், அதை நானே எதிர்பார்த்திருந்திருக்கலாம். இன்னொருவர் ஆஸ்பத்திரிகளுக்கு ஃபைல், ரசீது புத்தகம் அச்சடித்துக் கொடுப்பவர். மூன்றாவது, கேன்டீன் கான்ட்ராக்ட் எடுத்து நடத்தும் அக்கா. இரண்டு வருஷமாக இவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். கேன்டீன் அக்கா தினமும் விடிகாலையில் ஒரு ஆஸ்பத்திரிக்குள் போய் வருகிறார் என்பதும், அங்கே நிர்வாகம் பார்ப்பவர் காலை டிபனுக்கு அவரிடம்தான் வருவார் என்பதும் எனக்குத் தெரியவே தெரியாது. அந்த ஆஸ்பத்திரியில் இருந்து வந்த முதல் ஆர்டர் 60 செட்.

பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரைப் பற்றிக் கேட்டபோது, இதுதானே நமக்கு நடந்தது என்று தோன்றியது. தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்த ஆட்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். 1973-ல் வந்த கட்டுரை. அடிக்கடி பார்ப்போம் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 17 பேர்தான். மற்றவர்கள் எல்லோருக்கும், எப்போதாவது பார்க்கிற அல்லது பார்ப்பதே அபூர்வமான ஒருவர் மூலம்தான் வேலை கிடைத்திருக்கிறது. காரணம் எளிது. நம் நெருங்கிய சொந்தங்களுக்குத் தெரிந்தவர்கள் நமக்கும் தெரிந்தவர்கள்தான். மாதம் ஒரு முறை பார்க்கிற கேன்டீன் அக்காவின் உலகம்தான் நமக்குப் புதியது.

ஆனால் கூட்டத்துக்கு மட்டும் போய் வந்தால் இது நடக்காது. ஒருவரின் தொழில் நடக்கும் இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். அந்த 60 செட் ஆர்டருக்கு நன்றி சொல்ல நான் கேன்டீன் அக்காவின் சமையல் கூடத்துக்குப் போனேன். காலை ஐந்தரை மணி, இட்லிப் பானையில் ஆவி பறக்கிறது. வேலை செய்யும் பெண்கள் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். ஒரு அம்மா கழுத்தைக் காட்டினார். ஏப்ரன் நாடா பிடரியில் உரசி, வியர்வையும் சேர்ந்து, சிவந்து தடித்திருந்தது. திரும்பி வந்து மாஸ்டரிடம் பேசி, பாரம் கழுத்தில் இறங்காமல் தோளில் இறங்கும்படி, முதுகில் பட்டை குறுக்காகப் போகிற மாதிரி 6 ஏப்ரன் வெட்டித் தைத்துக் கொடுத்தேன். அதற்கு ஒரு ரூபாய் வாங்கவில்லை. இன்றைக்கு அந்த அக்கா என்னைப் பற்றி எங்கே பேசினாலும் அந்த ஏப்ரன் கதையைத்தான் சொல்கிறார். என் ஒரு நிமிஷப் பேச்சை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்?

பரிந்துரை செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு போன் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "பேசிக்கோங்க" என்பதைப் பரிந்துரை என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். முதலில் நீங்கள் அந்த ஆளுக்கு போன் செய்து, இன்னார் உங்களிடம் பேசுவார், இவர் வேலையை நான் பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். பரிந்துரை பெற்றவர், வேலை முடிந்ததா, முடியவில்லையா, ரேட் படியவில்லையா என்று கொடுத்தவரிடம் திரும்பச் சொல்ல வேண்டும். நம்மில் நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. நானே ஒரு முறை அச்சக அக்கா காட்டிவிட்ட ஹோட்டலுக்கு 10 நாள் தாமதமாக டெலிவரி கொடுத்தேன். அவர்கள் என்னைத் திட்டவில்லை, அக்காவுக்கு போன் செய்து கேட்டார்கள். அவர் குரலில் இருந்த வருத்தம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. நம்மைக் காட்டிவிடுகிறவர் தன் பெயரை அடகு வைத்துத்தான் காட்டிவிடுகிறார்.

இந்தப் பரிந்துரை முறையையே அமைப்பாக்கியது பிஎன்ஐ (BNI) என்ற தொழில் செய்பவர்களின் அமைப்பு. 1985-ல் அமெரிக்காவில் இவான் மிஸ்னர் தொடங்கியது, ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான், வாராவாரம் கூட்டம். முறை நல்ல முறை. ஆனால் பல ஊர்களில் விடிந்ததும் கூட்டம் தொடங்கிவிடும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அந்த நேரத்தில் எத்தனை பெண்களால் போக முடியும்? பெண்களுக்கென்று தனிக் குழு தேவைப்படுவதற்கு இந்த நேரப் பிரச்சினை ஒன்றே போதும்.

சரி, இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பணம்.

பெண்கள் குழுவில் தன்னம்பிக்கை பற்றிப் பேசுவோம், பிள்ளைகள் படிப்பு, உடல்நலம் எல்லாம் பேசுவோம். பீஸ் ரேட் (ஒரு உருப்படிக்கு வாங்கும் கூலி) எவ்வளவு, யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்று மட்டும் வாய் திறக்க மாட்டோம். எனக்கு ஒரு தனியார் நிறுவனம் ரூ.1,85,000 தர வேண்டியிருந்தது. 7 மாதம் ஆகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் இவளுக்கு வசூல் பண்ணத் தெரியவில்லை என்பார்களோ என்று பயம். தீபாவளிக்குத் தையல்காரர்களுக்கு போனஸ் கொடுக்க நகையை வைத்தேன். ஒரு கூட்டத்துக்குப் பிறகு டீ குடிக்கும்போது தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். கணக்கு அக்கா உடனே கேட்டது: "உத்யம் பதிவு போட்டிருக்கியா? பில்லுல அந்த நம்பர் இருக்கா?"

உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. அது என்னிடம் இருந்தது. அதன் பலம்தான் எனக்குத் தெரியாது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. போதாததற்கு, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரி மாற்றத்தின்படி, கெடு தாண்டி நிற்கும் பாக்கியை, பணம் கொடுக்கும் வரை அந்த நிறுவனம் தன் செலவாகக் கணக்கில் காட்ட முடியாது. (உற்பத்தி, சேவைத் தொழிலுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. வாங்கி விற்கிறவர்களுக்கு இல்லை.) உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். இன்னும் பதியாதவர்கள் இன்றைக்கே பதியுங்கள்.

அக்கா சொல்லச் சொல்ல ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். சண்டை இல்லை, மிரட்டல் இல்லை. பில் நம்பர், தேதி, சட்டப் பிரிவு, வட்டிக் கணக்கு. மூன்று வாரத்தில் இரண்டு தவணையாகப் பணம் வந்தது. அந்த டீ மேஜையில் இன்னும் இரண்டு பேர் தங்களுக்கும் பாக்கி நிற்பதாகச் சொன்னார்கள். அதற்கு முன் ஒரு வார்த்தை பேசாதவர்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் 20 நிமிஷம் பணத்துக்கு என்று ஒதுக்கியிருக்கிறோம். போனை ஓரமாக வைத்துவிட்டு ரேட், பாக்கி, வங்கிக் கடன் மட்டும் பேசுவோம். ஒரே பார்ட்டிக்கு ஜாப் வொர்க் (கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலை) செய்யும் இரண்டு பேர், ஒரே மாடலுக்கு பீஸுக்கு 4 ரூபாய் வித்தியாசத்தில் வாங்கிக்கொண்டிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. அந்த 20 நிமிஷத்துக்காகவே நான் வருஷ சந்தா கட்டுவேன்.

சேர்ந்து கேட்டால் கிடைக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1978-ல் சென்னையில் ஜெயா அருணாசலம் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கியபோது, தெருவில் காய் விற்ற பெண்கள் கந்துவட்டிக்காரர்களிடம் சிக்கியிருந்தார்கள். குழுவாகச் சேர்ந்து போனதால்தான் வங்கிக் கடன் அவர்களுக்குக் கிடைத்தது. இன்றைக்கு மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும், அந்த 25-ல் 3 பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு. எங்கள் 35 பேரில் அரசின் ஜெம் கொள்முதல் தளத்தில் பதிந்தவர்கள் 4 பேர். இது எனக்குப் பெரிய ஆதங்கம். வரும் கூட்டத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து பதியலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். பெண்கள் குழுவோடு நின்றுவிடாதீர்கள். ஆண்களுக்கு டீக்கடை இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, தொழில் சங்கம் இருக்கிறது. பெரிய ஆர்டர்கள் அங்கேதான் கை மாறுகின்றன. உங்கள் தொழிலுக்கான சங்கத்திலும் உறுப்பினர் ஆகுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் இரண்டு பேராகப் போங்கள். நாங்கள் அப்படித்தான் போனோம். முதல் கூட்டத்தில் 80 ஆண்கள் நடுவில் நாங்கள் இருவர் மட்டும். இப்போது 7 பேர் போகிறோம்.

அந்தத் தட்டைக்காரப் பெண்ணோடு அன்றைக்குச் சாப்பாட்டு டோக்கனின் பின்பக்கம் எழுதி வைத்தோம், அடுத்த மாதம் அவள் என்ன கேட்க வேண்டும் என்று: "50 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனி. சாயங்கால டீக்கு பிஸ்கட் கொடுக்கிறவர்கள். அதற்குப் பதில் கம்பு தட்டை, வாரம் இரண்டு நாள், நேரில் கொண்டுவந்து தருவேன். ஹெச்.ஆரிலோ கேன்டீனிலோ யாரைத் தெரியும்?"

நான் வருகிற திங்கட்கிழமை பெருந்துறைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு அளவெடுக்கப் போகிறேன். அங்கே 120 பேர் வேலை செய்கிறார்கள். ஹெச்.ஆரில் இருப்பவருக்கு இப்போதே போன் செய்து சொல்லிவிட்டேன். தட்டை இரண்டு பாக்கெட் வாங்கி வண்டியில் வைத்திருக்கிறேன்.