புளி குடோன் சுவரை உரிக்காதீர்கள்

கிருஷ்ணகிரியைச் சுற்றிப் பெங்களூரு சாலையிலும் சேலம் சாலையிலும் பழைய குடோன், அரிசி ஆலை, ஓட்டு வீடு என்று தேடிப் பிடித்து காபிக் கடையாகவும் துணிக்கடையாகவும் ஆபீசாகவும் மாற்றுவது இப்போது சூடு பிடித்திருக்கிறது. நல்ல விஷயம்தான். இடித்துத் தள்ளிவிட்டு, முகப்பில் அலுமினியத் தகடு ஒட்டிய பெட்டி ஒன்றைக் கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் சாவி கைக்கு வந்ததும் முதல் வேலையாக எல்லோரும் ஒன்றைச் செய்கிறார்கள். நாலு ஆளை விட்டுச் சுவர்க் காரையை முழுக்கக் கொத்தி எடுத்து, உள்ளே இருக்கும் செங்கல்லை வெளியே காட்டி, அதன்மேல் பளபளவென்று வார்னிஷ் அடிக்கிறார்கள். கேட்டால் ‘இன்டஸ்ட்ரியல் லுக்’ என்பார்கள். நம் ஊர்ப் பழைய கட்டடத்துக்கு இதைவிடப் பெரிய கேடு வேறு இல்லை என்பது என் கட்சி.

இந்த லுக் எங்கிருந்து வந்தது? 1960களில் நியூயார்க்கின் சோஹோ பகுதியில், காலியாகக் கிடந்த தொழிற்கூட மாடிகளில் ஓவியர்கள் குடியேறினார்கள். சூளையில் நன்றாக வெந்த செங்கல் சுவர்கள் அவை. ஓவியர்கள் அவற்றை இருந்தபடியே விட்டார்கள், அவ்வளவுதான். நம் ஊர்ப் பழைய சுவரின் கதையே வேறு. நாட்டுச் சூளையில் அரைவேக்காடாக வெந்த மெல்லிய செங்கல், மண் சாந்து அல்லது சுண்ணாம்புச் சாந்து, ஒன்றரை அடி கனம். மழையையும் உரசலையும் தாங்கும் வேலையைச் செங்கல்லுக்கு யாரும் கொடுக்கவில்லை. அதற்குத்தான் மேலே காரை. காரைதான் அந்தச் சுவருக்குத் தோல்.

உரித்ததும் முதல் மாதம் போட்டோவுக்கு அழகாக இருக்கும். இரண்டு மழைக்காலம் போகட்டும். தரையிலிருந்து ஏறும் ஈரம், அதாவது ஓதம், சுவரின் முகத்துக்கு வந்துதான் காற்றில் கலக்கும். வார்னிஷ் அந்த வாசலை அடைத்துவிடுகிறது. நீரோடு வரும் உப்பு வார்னிஷுக்குப் பின்னால் படிகமாகி, இடம் போதாமல் செங்கல்லின் முகத்தைப் பொரியப் பொரியத் தள்ளும். சிவப்புத் தூள் மேஜையில் கொட்டும், காபியிலும் கொட்டும். உடனே கொத்தனாரைக் கூப்பிட்டு இடுக்கெல்லாம் சிமென்ட் பூசச் சொல்வார்கள். சிமென்ட் அந்தச் செங்கல்லைவிடப் பல மடங்கு கடினம், நீரையும் எளிதில் விடாது. ஆகவே ஓதம் முழுவதும் செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். சில வருடத்தில் செங்கல் குழிந்து உள்ளே போய், சிமென்ட் கோடு மட்டும் தேன்கூடு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும்.

புளி குடோன் என்றால் இன்னும் மோசம். கிருஷ்ணகிரி பழையபேட்டை மாதிரிப் புளி புழங்கிய இடங்களில் உப்புப் போட்டு அடுக்கி வைத்த புளி வருடக்கணக்கில் சுவரோடு சாய்ந்து கிடந்திருக்கும். அந்த உப்பு சுவருக்குள் இடுப்பளவுக்கு ஏறி உட்கார்ந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மழை ஒழுகவில்லை, பைப் உடையவில்லை, ஆனாலும் ஐப்பசியில் சுவர் நனைந்து நிற்கிறது என்றால் காரணம் இதுதான். வாட்டர் ப்ரூஃபிங் என்று எந்த டப்பாவை வாங்கி அடித்தாலும் தீராது. உப்பை வெளியே எடுக்க வேண்டும். பொரிந்த காரையை மட்டும் எடுத்துவிட்டு, காய்ந்த துடைப்பத்தால் உப்பைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். பிறகு சுண்ணாம்பு 1, மணல் 3 கலந்து அரை அங்குலம் பூசி, மூன்று மாதம் சும்மா விடுங்கள். அந்தப் பூச்சு உப்பை உறிஞ்சி வெள்ளையாகப் பூத்துவிடும். அதைக் கொத்தி எறியுங்கள். உப்பு அதிகம் என்றால் இன்னொரு முறை. வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்று மாதம் சும்மா விடுவதா என்று கேட்பது புரிகிறது. முன்பணம் கொடுக்கும்போதே இந்த மூன்று மாதத்தைக் கட்டட உரிமையாளரிடம் பேசி வாங்குவதுதான் சாமர்த்தியம்.

கொத்துவதற்கு முன் சுவரைச் சோதிக்க ஒரு நாள் போதும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அடுத்து, இடுக்குச் சாந்தைச் சாவி முனையால் சுரண்டுங்கள். அரை அங்குலம் ஆழம் வரை தூளாகக் கொட்டினால் அந்தச் சுவரை வெளிக்காட்டும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். காரையை விரல் முட்டியால் தட்டுங்கள். பொத்தென்று கேட்கும் இடத்தை மட்டும் எடுங்கள், கணீரென்றால் தொடாதீர்கள்.

ஓதம் ஏறுவதற்குப் பாதிக் காரணம் வெளியே இருக்கிறது. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போடுகிறார்கள். ரோடு ஏறுகிறது, குடோன் பள்ளமாகிறது. சுவரை ஒட்டியுள்ள மண்ணை, உள்தரை மட்டத்துக்கு அரை அடி கீழே வரும்படி வெட்டி எடுங்கள். பிறகு சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் எடுத்து 40 எம்.எம். ஜல்லி நிரப்பி, தண்ணீர் வெளியேற வாட்டம் கொடுங்கள். உள்ளே விட்ரிஃபைட் டைல்ஸ் வேண்டாம். தரையை மூடி அடைத்தால், தரை வழியாகப் போன ஈரமும் சேர்ந்து சுவரில் ஏறும். கல் பலகையைச் சுண்ணாம்புச் சாந்தில் பதியுங்கள். கல்லுக்குக் கிருஷ்ணகிரியில் பஞ்சமா?

பூச்சு வேலைக்கு வருவோம். சூளைச் சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, குறைந்தது பத்து நாள் நீருக்கடியிலேயே வைக்க வேண்டும். நீறாத கட்டி ஒன்று பூச்சில் போனால் ஆறு மாதம் கழித்து அது ஊதி, காசளவு குழி விழும். அதனால் சல்லடையில் அலசித்தான் எடுக்க வேண்டும். முதல் பூச்சுக்குச் சுண்ணாம்பு 1, செங்கல் தூள் 1, மணல் 2, அரை அங்குலத்துக்கு மேல் கனம் வேண்டாம். அடுத்த பூச்சு ஒரு வாரம் கழித்து. கடைசிப் பூச்சு சலித்த மணலோடு ஒரு நூல் கனம்தான். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் சேர்ப்பது ஆளுக்கு ஆள் அளவு மாறும். பழகிய கொத்தனார் சொல்வதைக் கேளுங்கள், யூடியூபைக் கேட்காதீர்கள். சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான், அதற்கு லேசான ஈரமும் பொறுமையும் வேண்டும். ஆடிக் காற்றில் பூசினால் மேல் தோல் மட்டும் காய்ந்து, வலை வலையாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவே காயாது. மார்கழி, தை, மாசிதான் நம் பக்கத்துக்குச் சரி. அப்போதும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு இரண்டு வாரம் தண்ணீர் தெளிக்க வேண்டும். அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் செய்த வேலை எல்லாம் வீண். வெள்ளை அடியுங்கள், வேண்டுமானால் காவி கலந்து அடியுங்கள்.

எதையாவது வெளியே காட்டியே ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால் கல்லைக் காட்டுங்கள். நம் ஊரின் முகம் அதுதான். கல் கட்டுச் சுவரின் இடுக்குகளில் பின்னாளில் பூசிய சிமென்டை ஓரங்குல ஆழத்துக்கு மெதுவாக எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு இட்டால் போதும், வேறு அலங்காரமே வேண்டாம். இயந்திர உளி வேண்டாம், கை உளிதான். கல் பலகைக் கூரை இருந்தால் மட்டும் ஜாக்கிரதை. நாலு அங்குலக் கல் பலகை சதுர மீட்டருக்கு 270 கிலோ வரும். கம்பி கட்டிய கான்கிரீட் உடைவதற்கு முன் தொங்கும், விரியும், எச்சரிக்கை கொடுக்கும். கல் அப்படி இல்லை, படாரென்று போகும். அடிப்பக்கம் நடுவில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அதன் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் வெடிப்பு இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். உடனே முட்டுக் கொடுத்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அந்தக் கூரையில் ட்ரில் போட்டு விளக்கு தொங்கவிடுவதும், மேலே ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைப்பதும் கூடவே கூடாது. ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன்.

உயரமான குடோன் கிடைத்தால் நடுவில் இரும்பு மாடி போடும் ஆசை வரும். போடுங்கள், ஆனால் உத்தரத்தைப் பழைய சுவரில் குடைந்து சொருகாதீர்கள். மண் சாந்துச் சுவர் ஒரே புள்ளியில் வரும் பாரத்தைத் தாங்காது. உணவகத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிலோ கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள். தனித் தூண், தனி அஸ்திவாரம், சுவரிலிருந்து மூன்று அங்குலம் விலகி நிற்கும் மாடி. அந்த இடைவெளி அழகாகவும் இருக்கும். இத்தாலியின் வெரோனாவில் காஸ்தெல்வெக்கியோ கோட்டை அருங்காட்சியகத்தைப் புதுப்பித்தபோது, கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்பா புதுத் தளத்தைப் பழைய சுவரில் முட்டவிடாமல் விலக்கியே நிறுத்தினார். எது பழசு, எது புதுசு என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். நாளைக்கு உங்கள் கடை காலியானாலும் போல்ட்டைக் கழற்றி மாடியை எடுத்துக்கொண்டு போகலாம், சுவர் அப்படியே இருக்கும்.

மாம்பழக்கூழ் தொழிற்சாலை ஷெட்டை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தரை கழுவி விடுவதற்காக வாய்க்காலை நோக்கிச் சரிவாகப் போட்டிருப்பார்கள். மேஜை, நாற்காலி எல்லாம் ஆடும். பழச்சாற்றின் புளிப்பு சிமென்டை அரித்து ஜல்லியும் வெளியே தெரியும். பாலிஷ் போட்டால் திட்டுத் திட்டாகத்தான் வரும்.

வயரிங்கைச் சுவரில் காடி வெட்டிப் புதைக்காதீர்கள், இரும்புக் குழாயில் வெளியே ஓட்டுங்கள். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் 30 மில்லியாம்பியர் கட்டாயம். மூங்கில், கீற்று, தெர்மாகோல் என்று கூரை அலங்காரம் செய்வதற்கு முன், 2017 டிசம்பர் 29-இல் மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் மொட்டை மாடி உணவகத்தில் பிடித்த தீயில் 14 பேர் இறந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். குடோனுக்குப் பெரும்பாலும் ஒரே கதவுதான் இருக்கும். மூட்டைக்கு அது போதும், ஆட்களுக்குப் போதாது. எதிர்ப்பக்கம் இரண்டாவது வழி திறக்க முடியாத இடம் என்றால் எடுக்கவே வேண்டாம்.

ஏற்கெனவே உரித்து வார்னிஷும் அடித்தவர்கள் என்ன செய்வது? பெயின்ட் ரிமூவர் தடவி, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து வார்னிஷை எடுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், செங்கல்லின் முகம் போய்விடும். கோடை முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள். இடுக்குகளில் சிமென்ட் இருந்தால் எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து நிரப்புங்கள். பிறகு நீற்றிய சுண்ணாம்பில் நைசான மணல் கொஞ்சம் சேர்த்து, மோர் பதத்தில் கரைத்து, நார் மட்டையால் மூன்று கை அடியுங்கள். ஒவ்வொரு கைக்கும் முன் சுவரை நனைக்க வேண்டும். செங்கல்லின் வரி வெள்ளைக்கு அடியில் மேடு பள்ளமாகத் தெரியும், சுவரும் மூச்சு விடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி, ஒரு கை அடித்தால் போதும்.