முன்கூட்டித் திட்டமிட்டால்தான் கொலையா?

"இங்கிலாந்தில் முன்கூட்டியே திட்டமிட்டு, சாகடிக்கும் எண்ணத்தோடு செய்தால் மட்டுமே கொலைக்குற்றம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

குழப்பத்துக்குக் காரணம், கொலைக்குற்றத்துக்குத் தேவையான மனநிலையைக் குறிக்க அந்நாட்டுச் சட்டம் பயன்படுத்தும் 'மாலிஸ் அஃபோர்தாட்' (malice aforethought) என்ற பழைய சொற்றொடர். கேட்டால் வன்மம், முன்யோசனை என்று தோன்றும். சட்டத்தில் இரண்டுமே தேவையில்லை. நோயில் துடிப்பவர்மேல் இரக்கப்பட்டு உயிரைப் போக்கினாலும் அங்கே கொலைதான்; அந்த நொடியில் தோன்றிய எண்ணமும் போதும்.

அடுத்தது, கொல்லும் எண்ணம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. கடுமையான உடற்காயம் விளைவிக்கும் எண்ணம் இருந்து, அதனால் ஆள் இறந்துவிட்டாலே கொலை. 1957 விக்கர்ஸ் வழக்கைப் பாருங்கள். திருடுவதற்காகக் கடையின் நிலவறைக்குள் புகுந்தவன், தன்னைப் பார்த்துவிட்ட 72 வயது மூதாட்டியை அடித்து உதைத்தான். அவர் இறந்துபோனார். கடுங்காயம் விளைவிக்கும் எண்ணமே போதும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம், அவன் தூக்கிலிடப்பட்டான். 1981இல் கன்னிங்ஹாம் வழக்கில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையும் இதையே உறுதிசெய்தது. கடுமையான விதிதான், எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆனால் சட்டம் அதுதான்.

"காயம்பட்டு ஒரு வருடம் ஒரு நாளுக்குள் இறந்தால்தான் கொலை" என்று இன்னொருவர் சொன்ன விதி 1996லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. மூன்றாண்டுக்கு மேல் கழித்து இறந்தால் வழக்குத் தொடர அட்டர்னி ஜெனரலின் ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான்.