சூடான கோழிக்குக் கிடையாது, ஆறிய கோழிக்கு உண்டு

அமெரிக்காவில் ஃபுட் ஸ்டாம்ப் (ஏழைகளுக்கு அரசு ஓர் அட்டையில் போடும் உணவு உதவி) வாங்குகிறவர்கள் அந்தப் பணத்தில் சோடா வாங்கலாமா கூடாதா என்று மறுபடியும் சண்டை. 2026 ஜனவரி 1 முதல் அயோவா, நெப்ராஸ்கா, இண்டியானா, யூட்டா, மேற்கு வர்ஜீனியா ஆகிய ஐந்து மாநிலங்களில் தடையே வந்துவிட்டது. சோடா மேல் எனக்கொன்றும் பாசமில்லை. ஆனால் இந்தச் சண்டை முழுக்க, கடையில் சாமான் எடுத்துப் போடும் வண்டியில் கிடக்கும் பாட்டிலைப் பற்றித்தான். அட்டையில் ஏறும் தொகையைப் பற்றிப் பேச்சே காணோம்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2008இல் பெயர் ஸ்னாப் என்று மாறிய இந்தத் திட்டத்தில் 2025இல் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். ஈபிடி கார்டு எனப்படும் உதவி அட்டையில் மாதம் ஒருமுறை பணம் ஏறும். ஒரு தாய், இரண்டு பிள்ளைகள் என்று வையுங்கள். 2025 அக்டோபர் முதல் மூன்று பேருக்கு அதிகபட்சம் 785 டாலர். தாயின் மாதச் சம்பளம் 1,800. இதில் சிலவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் அரசு வருமானமாகப் பார்க்கும். உழைத்த வருமானத்துக்காக அதில் 20 சதவீதம், அதாவது 360 கழியும். பொதுக்கழிவு 209. மிச்சம் 1,231. வாடகையும் கரண்டும் சேர்ந்து 1,215 ஆனால், 1,231இல் பாதியைத் தாண்டும் பகுதி, கிட்டத்தட்ட 600, அதுவும் கழியும். கடைசியில் நிற்பது 631 சொச்சம். இதில் 30 சதவீதத்தைக் குடும்பமே சாப்பாட்டுக்குப் போட்டுக்கொள்ளும் என்பது அரசின் அனுமானம். ஆக 785இல் 190 போய் 595. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறரை டாலர்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். சம்பளம் 100 டாலர் கூடினால் வாடகைக் கழிவும் கூடவே சுருங்கும். உணவுத்தொகையில் 36 டாலர் போய்விடும். விண்ணப்பத்தில் வாடகைக் கணக்கு விட்டுப்போனால் அந்த 600 கழியாது, மாதம் 180 டாலர் நஷ்டம். ஒரு மாதத்துக்கு வாங்கும் சோடாவை நிறுத்தினாலும் இவ்வளவு மிஞ்சாது!

அதிகபட்சத் தொகை எங்கிருந்து வருகிறது? குறைந்த செலவில் சத்தாகச் சாப்பிட எவ்வளவு ஆகும் என்று வேளாண் துறை போடும் ‘சிக்கன உணவுத் திட்ட’க் கணக்கிலிருந்து. 2021இல் அதைத் திருத்தி 21 சதவீதம் ஏற்றினார்கள், நல்லதுதான். ஆனால் அந்தத் திட்டம் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வீட்டிலேயே சமைப்பதாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு வேலைக்கு ஓடுகிறவருக்கும், அடுப்பில்லாத மோட்டல் அறையில் குடியிருப்பவருக்கும் அதே கணக்கு.

விதி இன்னும் கேலிக்கூத்து. சூடாக விற்கும் உணவை ஈபிடியில் வாங்க முடியாது. மாவைப் பரப்பிச் சீஸ் தூவிய, இன்னும் சுடாத பீட்சா செல்லும், அதையே கடை அடுப்பில் வாட்டித் தந்தால் செல்லாது. சுட்ட கோழி வெதுவெதுப்பாக இருந்தால் கிடையாது, குளிர்பெட்டியில் ஆறிக் கிடந்தால் உண்டு. உயிருள்ள லாப்ஸ்டர் வாங்கலாம். டயப்பரும் சோப்பும் வாங்கக்கூடாது. முதியோர், மாற்றுத்திறனாளிகள், வீடற்றோர் சில மாநிலங்களில் குறிப்பிட்ட உணவகங்களில் சாப்பிடலாம், வழக்கமான விலக்கு அவ்வளவுதான்.

புதுத் தடையிலும் இதே குளறுபடி. அயோவாவில் சோடாவோடு மிட்டாய்க்கும் தடை. மிட்டாய் எது என்பதற்கு அந்த மாநிலம் தன் விற்பனை வரி வரையறையையே எடுத்துக்கொண்டது. அதன்படி மாவு கலந்திருந்தால் மிட்டாய் அல்ல. கிட்கேட் தப்பித்துவிடுகிறது, மாவில்லாத இனிப்புக் கிரனோலா பார் (ஓட்ஸ் கட்டி) மாட்டிக்கொள்கிறது. எது எந்தப் பக்கம் என்று கடைக்காரர் பார்கோடு பார்கோடாகப் பிரித்தாக வேண்டும். கவுண்டரில் கார்டு மறுக்கப்பட்டால் வரிசைக்கு முன்னால் கூசி நிற்பது வாங்க வந்தவர்தான்.

இத்தனைக்கும் இவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாகச் சோடா குடிக்கிறார்களா? 2011இன் மளிகை விற்பனைத் தரவை வைத்து வேளாண் துறையே 2016இல் அறிக்கை வெளியிட்டது. ஸ்னாப் குடும்பங்கள் 100 டாலரில் 5 டாலர் சொச்சத்தைச் சோடாவுக்குக் கொடுத்தன, மற்றவர்கள் 4 டாலர். வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஊரையே கூட்டும் அளவுக்கு இல்லை.

அரசியல் வேடிக்கை தனி. 2010இல் இதே தடையைக் கேட்டது நியூயார்க் மேயர் புளூம்பெர்க். அடுத்த ஆண்டு ஒபாமா அரசு மறுத்தது. குடிமக்களைக் குழந்தைகள்போல நடத்தும் ‘தாதி அரசு’ என்று அவரைக் கிண்டலடித்த வலதுசாரி முகாம்தான் இப்போது தடைக்கு முன்னால் நிற்கிறது. எதிர்ப்பக்கம் பசி ஒழிப்பு அமைப்புகளோடு சோடா கம்பெனிகளும் தோளோடு தோள். யாருக்கு யார் மேல் அக்கறை என்று பிரித்தெடுப்பதே பெரும்பாடு.

இதற்கிடையே 2025 ஜூலைச் சட்டம் சத்தமில்லாமல் பெரிய வேலையைச் செய்துவிட்டது. வேலை செய்யக்கூடிய, சிறு பிள்ளைகள் இல்லாத பெரியவர்களுக்கான மாதம் 80 மணி நேர வேலை விதி 54 வயதோடு நின்றிருந்தது, இப்போது 64 வரை. அதைக் காட்ட முடியாவிட்டால் மூன்று ஆண்டுக்கு மூன்று மாத உதவிதான். இதைப் பற்றி எழுந்த கூச்சல் சோடாவுக்கு எழுந்ததில் பாதிகூட இல்லை.

உணவுப்பழக்கம்தான் கவலை என்றால் மாசசூசெட்ஸின் ஹாம்ப்டன் கவுண்டியைப் பார்க்கலாம். 2011-12இல் அங்கே காய்கனிக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட்டைக் கார்டிலேயே திருப்பிப் போட்டார்கள். காய்கனி உண்பது சுமார் கால்வாசி கூடியது. தடையும் இல்லை, கவுண்டரில் யாரும் கூசி நிற்கவும் இல்லை.