மூச்சுத் தியானம் வெறும் அமைதிக்கு மட்டுமா?

"மூச்சைக் கவனிப்பது மன அமைதிக்கு மட்டும்தான், ஞானத்துக்கு விபஸ்ஸனா (உள்ளதை உள்ளபடி பார்க்கும் தியானம்) என்கிற வேறு பாதை இருக்கிறது, புத்தரே அப்படிப் பிரித்தார்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. புதிதாகப் பழகுபவர்களைக் குழப்பிவிடும் என்பதால் சொல்கிறேன்.

புத்தரின் போதனைத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 118ஆவது சூத்திரமான ஆனாபானசதி (மூச்சைக் கவனித்தல்) சூத்திரத்தில் 16 படிகள் இருக்கின்றன. நீண்ட மூச்சா, குறுகிய மூச்சா என்று அறிவதில் தொடங்கி, நாலாவது படியில் உடல் அமைதியடைகிறது. நீங்கள் சொல்லும் அமைதி இதுதான். ஆனால் சூத்திரம் அங்கே நிற்கவில்லை. பிறகு மகிழ்ச்சி, சுகம், மனத்தின் நிலை எல்லாம் வந்து, 13ஆவது படியில் நிலையாமையைப் பார்க்கச் சொல்கிறது. அப்போதும் மூச்சை விட்டுவிடச் சொல்லவில்லை. "மூச்சை இழுப்பேன், மூச்சை விடுவேன்" என்றே அந்த வரியும் முடிகிறது.

பிரிவினை இருப்பதுபோலத் தோன்றுவது பயிற்சி முறைகளால்தான். பர்மாவின் பா ஆக் மரபில் மூச்சைக் கவனித்தே ஆழ்ந்த தியான நிலைகளுக்குப் போய், அதன் பிறகு விபஸ்ஸனா. விபஸ்ஸனா ஆசிரியர் கோயங்காவின் பத்து நாள் முகாமில் முதல் மூன்று நாள் மூக்கருகே மூச்சு, அப்புறம் உடல் முழுக்க எழும் உணர்வுகள். பர்மியத் துறவி மகாசி சயாடோவின் முறையில் வயிறு எழுந்து தாழ்வதை ஆரம்பத்திலிருந்தே விபஸ்ஸனாவாகக் கவனிப்பார்கள். வரிசைதான் மாறுகிறது.

இன்னொரு போதனைத் தொகுப்பான அங்குத்தர நிகாயத்தில் புத்தரின் சீடர் ஆனந்தரும் அமைதி முதலில், ஞானம் முதலில், இரண்டும் சேர்ந்து என எல்லா வழியையும் ஏற்கிறார். தயவுசெய்து "புத்தரே பிரித்தார்" என்ற வரியை மட்டுமாவது திருத்திவிடுங்கள்.