பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து ஏர் ரைஃபிள் வாங்காதீங்க

எல்லாரும் அனுப்பிக்கிட்டு இருக்கற அந்த வீடியோவை நானும் பார்த்தேனுங்க. பேரலை (குழலை) மடக்கற பிரேக் பேரலும், அடியில தனி நெம்புகோல் இருக்கற அண்டர் லீவரும் ஒண்ணுதானாம், வேகம் அதிகமாப் போட்டிருக்கறத வாங்கணுமாம். ரெண்டும் ஒண்ணு இல்லைங்க. பேரல் அசையாம நிக்கறதுக்குத்தான் அண்டர் லீவருக்குக் கூடுதல் காசு.

பிரேக் பேரல்ல பேரலையே மடக்கித்தான் ஸ்பிரிங்கை அமுக்கறோம். ஒவ்வொரு தடவையும் அது பழைய இடத்துலயே வந்து உட்காரணும். மடங்கற பின்னுல இருந்து 50 மி.மீ. தள்ளி, பூட்டு தேஞ்சு 0.05 மி.மீ. ஆடினாலே 10 மீட்டர்ல 10 மி.மீ. விலகும். போட்டி அட்டையில அது 4 வளையம். லேத்தும் பம்புசெட்டுமா வளர்ந்த கோயமுத்தூர்ல இதை விளக்க வேண்டியிருக்கே!

"பிரேக் பேரல்ல நல்லா அடிக்கறவங்க இல்லையா?" இருக்காங்க. முன்னும் பின்னும் குறி பார்க்கற ரெண்டு சைட்டும் பேரல் மேலயே இருந்தா, பேரல் சாய்ஞ்சாலும் குறியும் கூடவே சாயும். குறி பார்க்கற தொலைநோக்கி, அதான் ஸ்கோப், மாட்டினாத்தான் வினை, அது பாடி மேல உட்கார்ந்திருக்கு. "அண்டர் லீவர் கனம்." நிஜந்தான், வைராக் எச்டபிள்யூ 97கேங்கற அண்டர் லீவர் மாடல் சுமார் 4 கிலோ. சின்னப் பசங்களுக்கு வேண்டாம்.

பெட்டியில போட்டிருக்கற, நொடிக்கு 1000 அடிங்கற அந்த வேகம்? 0.35 கிராம் லேசு பெல்லட்ல (குண்டுல) வந்தது. அதே ஆற்றல்ல 0.52 கிராம் ஈய பெல்லட் நொடிக்கு 820 அடிதான் போகும். மயிலை விரட்டறதுக்குன்னு வேகம் கேக்கறவங்களே, மயிலைச் சுட்டா வனத்துறை வழக்குங்க. அட்டையில சுடுங்க, கொட்டாங்குச்சியில சுடுங்க.

மனசு நொந்தது வேற விஷயத்துல. அந்த வீடியோவுக்குக் கீழே விரல் பத்திரம்னு எழுதின தம்பியைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லியிருக்காங்க. பல அண்டர் லீவர்ல பெல்லட் வைக்கையில கட்டைவிரல் உள்ள இருக்கு. ஸ்பிரிங்கைப் பிடிச்சிருக்கற கொக்கி நழுவினா முழு ஸ்பிரிங் வேகத்துல காத்தறை வந்து மூடும், விரல் துண்டாயிடும். அதைத் தடுக்கற பல்லுப்பூட்டு மலிவு மாடல் சிலதுல இல்லை. இருந்தாலும் லீவரை இடது கையில பிடிச்சுக்கிட்டே பெல்லட் வைங்க. இதைச் சொல்றது பயமா? பேரல் அசையாம நிக்கறதுக்குக் காசு கொடுங்கன்னு சொல்ற நானே, இந்தப் பூட்டு இல்லாத அண்டர் லீவரைத் தொடாதீங்கன்னுதான் சொல்வேன்.

கடையில பிரேக் பேரலை மடக்கிப் பிடிச்சுப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. பெல்லட் போட்டுச் சுடச் சொல்லி, பேரல் பூட்டற இடத்துல மெல்லிசுக் காகிதம் வைங்க. காகிதம் பறந்தா அங்க காத்து கசியுது. பெல்லட் இல்லாமச் சுட்டுக் காட்டினா, காத்து மெத்தை இல்லாம பிஸ்டன் போய் முட்டும். அப்படிச் சுட்டுக்காட்டிக் காட்டியே கிடக்கற துப்பாக்கி எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாலும் வேண்டாங்க.