பல் அதுவரை காத்திருக்காது

"முதலில் போதையை விடட்டும், பல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. விடுவதற்கு மாதங்கள் ஆகலாம், வருடங்கள் ஆகலாம். அதற்குள் போன பல் போனதுதான்.

மெத் (மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருள்) எடுப்பவர்களின் சிதைந்த பற்களைப் படம் போட்டுப் பயமுறுத்துவது வழக்கமாகிவிட்டது. பார்க்கிறவர்களும் அந்தப் பொருளின் அமிலமே பல்லை அரித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பெரும்பங்கு வறண்ட வாய்க்குத்தான். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் சுரக்கும் எச்சில்தான் அமிலத்தை மட்டுப்படுத்துகிறது, பல்லின் கெட்டியான மேலுறையான எனாமல் இழந்த தாதுக்களைத் திரும்பச் சேர்க்கிறது. மெத், கோகெயின், எக்ஸ்டசி எல்லாமே வாயை உலர்த்தும். ஏடிஹெச்டி என்ற கவனச்சிதறல் கோளாறுக்கு மருத்துவர் எழுதித்தரும் மீத்தைல்ஃபெனிடேட்டிலும் சிலருக்கு உலரும். அவர்களை யாரும் முகம் சுளித்துப் பார்ப்பதில்லை, அது வேறு கதை.

வாய் உலர்ந்தால் கை குளிர்பானத்தைத்தான் தேடுகிறது. இரவு முழுக்க மடக்கு மடக்காகச் சர்க்கரையும் அமிலமும் உள்ளே போகின்றன. கழுவிவிட எச்சில் இல்லை. வாயின் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். போதாததற்குத் தாடை இறுகி, பல்லை நறநறவென்று கடிப்பது வேறு.

ஆகவே பக்கத்தில் இருக்க வேண்டியது தண்ணீர். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்றால் எச்சில் ஊறும். தொடங்குவதற்குச் சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட் போதும். துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டு, கொப்பளிக்காமல் அப்படியே விடுங்கள். வாந்தி எடுத்தால் மட்டும் உடனே துலக்காதீர்கள். வாயைத் தண்ணீரால் அலசிவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். கோகெயினை ஈறில் தேய்க்கிற பழக்கம் இருந்தால், அந்த இடத்தில் புண்ணாகும், ஈறும் பல்லைவிட்டுப் பின்வாங்கும்.

பல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். ஆனால் மரத்துப்போகப் போடும் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். சமீபத்தில் கோகெயினோ மெத்தோ எடுத்தவருக்கு அது ரத்த அழுத்தத்தை எகிறவைக்கலாம், இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கலாம். கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று தெரிந்தால் அவர் ஊசியை மாற்றலாம், வேறு நாளைக்குத் தள்ளிவைக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்ததுமே நல்லொழுக்கப் பாடம் எடுக்கும் மருத்துவரிடம் இதை யார் சொல்வார்கள்? அப்படிப்பட்டவர் வாய்த்தால் அடுத்தவரைத் தேடுங்கள். ஃபுளோரைடு அதிகமுள்ள பேஸ்ட் எழுதித்தர முடியுமா என்றும் உங்கள் பல் மருத்துவரிடம் கேளுங்கள்.