தூக்கத்துக்கு இழப்பீடு ஈடாகாது

எங்கள் மதிலை ஒட்டி நிகழ்ச்சி மண்டபம் ஒன்று வந்த பிறகு, நள்ளிரவில் எழுந்து ஜன்னல் கண்ணாடியில் விரல் வைத்துப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பாட்டின் வரிகள் காதில் விழுவதில்லை. கண்ணாடி மட்டும் தாளம் தப்பாமல் அதிர்ந்துகொண்டிருக்கும்.

இந்த அதிர்வை நீதிமன்றத்தில் நிரூபிப்பது எளிதன்று. ஒலியளவுக் கருவிகள் பெரும்பாலும் ‘ஏ’ எடையிட்ட டெசிபலில்தான் அளக்கின்றன. காதின் உணர்திறனை ஒட்டி வகுக்கப்பட்ட அந்த முறை, 63 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த சுருதி ஒலியில் ஏறத்தாழ 26 டெசிபலைக் கழித்துவிட்டே எண்ணைக் காட்டும்; சுவரைக் கடந்து படுக்கையறைக்குள் வருவதோ பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த சுருதி ஒலிதான். ஆகவே வழக்குத் தொடுப்பவர்கள் அந்த ஒலியை அவ்வளவாகக் கழிக்காத ‘சி’ எடை அளவையும் சேர்த்துப் பதிவுசெய்யுமாறு கேட்க வேண்டும், அதுவும் மண்டப வாசலில் அல்ல, தாம் உறங்கும் அறையில். தேதியும் நேரமும் எழுதிவைத்த குறிப்பேடும் அவசியம்.

“திட்ட அனுமதி இருக்கிறது”, “நீங்கள்தானே பிறகு குடிவந்தீர்கள்” என்ற இரண்டு வாதங்களுமே பொதுவாக எடுபடாது என்பதைப் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2014இல், ஒரு பந்தயத் திடல் தொடர்பான கோவென்ட்ரி எதிர் லாரன்ஸ் வழக்கில், தெளிவாக்கியது. ஆனால் தடை உத்தரவுக்குப் பதிலாக இழப்பீடு வழங்குவதை நீதிபதிகள் இன்னும் தாராளமாகப் பரிசீலிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பணம் கட்டிவிட்டால் சத்தத்தைத் தொடரலாம் என்றாகும்போது, பக்கத்து வீட்டுக் குழந்தையின் உறக்கம் மண்டபத்தின் செலவுக் கணக்கில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. அந்தக் குழந்தை வழக்கில் வாதியாகக்கூட இருப்பதில்லை.

இதைவிட நல்ல வழி 1980இலேயே காட்டப்பட்டிருக்கிறது. ஏரியில் நடந்த மோட்டார் படகுப் பந்தயங்களின் சத்தம் குறித்த வழக்கில், கீழமை நீதிமன்றம் இழப்பீட்டோடு நிறுத்திக்கொண்டதை இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றி, ஆண்டில் எத்தனை நாள் பந்தயம் நடக்கலாம் என்று வரையறுத்தது. மற்ற நாட்களில் 75 டெசிபலைத் தாண்டும் படகுகள் கூடாது என்றது. பந்தயங்களும் நின்றுவிடவில்லை, கரையில் குடியிருந்தவருக்கும் அமைதியான நாட்கள் உறுதியாயின.

மண்டபத்தை மூட வேண்டும் என்று நானும் என் மனுவில் கேட்கவில்லை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. தாழ்ந்த சுருதி ஒலியை எழுப்பும் சப்வூஃபரை எங்கள் பக்கச் சுவரிலிருந்து தள்ளிவைக்க வேண்டும். ஒலி வரம்பு மீறாதபடி தடுக்கும் கருவியைப் பொருத்தி, வாடகைக்கு வருபவர்கள் கை வைக்க முடியாதபடி அதற்கு முத்திரையிட வேண்டும். இந்த மூன்றைத்தான் கேட்டிருக்கிறேன்.